காடியில் (காரில்) சவுண்டு சரியில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கார் ஆக்சஸரி கடையில் ஆறு வருடம் சனி, ஞாயிறுகளில் கை உதவிக்கு நின்றேன். கடையை விட்டு வந்து நாளாயிற்று. கேள்விகள் மட்டும் விடவில்லை. கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போதும் கேட்கிறார்கள், மாமாக் கடையில் தே தாரிக் டீ ஆறுவதற்குள்ளும் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அண்ணே, என் காடியில சவுண்டு நல்லாவே இல்ல. முதல்ல எதை மாத்தணும்?

ஒன்றையும் மாற்றாதீர்கள். காரை நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போடுங்கள். பேஸ் (கீழ்ச்சுரம்), மிட் (நடுச்சுரம்), ட்ரெபிள் (மேல்சுரம்) மூன்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். இடது வலது பிரிக்கும் பேலன்சும் முன் பின் பிரிக்கும் ஃபேடரும் நடுவில் இருக்கட்டும். 'ராக்', 'பாப்' என்று ரெடிமேட் செட்டிங் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். பல கார்களில் இங்கேயே பாதிக் குறை தீர்ந்துவிடும். வீட்டுப் பிள்ளை எப்போதோ ட்ரெபிளை உச்சிக்கு ஏற்றிவிட்டுப் போயிருக்கும், அப்பா ஆறு மாதமாகக் காது எரிய எரிய அதையே கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்புறம், குறை என்னவென்று சொல்லிப் பழகுங்கள். 'நல்லா இல்ல' என்றால் எனக்கு ஒன்றும் புரியாது. குரல் மூடிக் கேட்கிறதா? தாளம் காதைக் குத்துகிறதா? மேளத்தின் அடி இல்லையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நான் பார்க்கும் வரிசை இது: பாட்டுக் கோப்பு, செட்டிங், கதவு, ஸ்பீக்கர், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப், எல்லாம் முடிந்த பிறகு பேஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபர். கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத் தொடங்குவார்கள்.

பென்டிரைவ்ல ஆயிரம் பாட்டு இருக்கு. பாட்டுல என்ன குறை இருக்கப் போகுது?

நிறைய இருக்கும். கம்ப்யூட்டரில் செருகி ஒரு பாட்டின் அளவைப் பாருங்கள். ஐந்து நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ் (நொடிக்கு எவ்வளவு டேட்டா என்ற அளவு) எம்பி3 என்றால் ஏறக்குறைய 4.8 எம்பி இருக்கும். 320 என்றால் 12 எம்பி. இரண்டரை எம்பிதான் என்றால் அது 64 கேபிபிஎஸ். சுருதிப் பெட்டியும் ஜால்ராவும் தண்ணீருக்குள் ஒலிப்பது போல வழவழவென்று கேட்பது அதனால்தான். எந்த ஸ்பீக்கரும் அதை மீட்டுத் தராது.

ஒரு சூதும் உண்டு. பழைய 64 கேபிபிஎஸ் கோப்பையே 320 ஆக மாற்றி விற்பார்கள். அளவு பெருக்கும், சத்தத்தில் ஒன்றும் கூடாது. சுருக்கும்போது போனது போனதுதான். பிடித்த நூறு பாட்டை மட்டும் ஒழுங்கான இடத்தில் வாங்கியோ, வீட்டில் இருக்கும் பழைய சிடியிலிருந்தோ எடுத்து வையுங்கள். பென்டிரைவைக் கார் படிக்கவே இல்லை என்றால் முதலில் அதன் ஃபார்மேட்டை, அதாவது கோப்புகளை அடுக்கும் முறையைப் பாருங்கள். பல பிளேயர்கள் ஃபேட்32 மட்டும்தான் படிக்கும்.

புளூடூத்தா, வயரா? எதுல நல்லா கேக்கும்?

வயர். யூஎஸ்பி வழியாக, போனைக் காரின் திரையில் காட்டும் கார்பிளேயோ ஆண்ட்ராய்டு ஆட்டோவோ ஓடினால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள். புளூடூத்தில் பாட்டு இன்னொரு முறை சுருக்கப்பட்டுத்தான் காற்றில் போகிறது. எஸ்பிசி என்ற அடிப்படை முறையில் அதிகபட்சம் ஏறக்குறைய 328 கேபிபிஎஸ். எல்டாக் என்ற இன்னொரு முறை 990 வரை போகும், ஆனால் போன், பிளேயர் இரண்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஐபோனுக்கு எல்டாக் கிடையாது, ஏஏசிதான். ஏற்கெனவே மெலிந்த கோப்பை மறுபடி சுருக்கினால் என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசியுங்கள்.

சரி, புளூடூத்தை விட முடியாது என்றால் ஒன்று செய்யுங்கள். போனின் வால்யூமை முழுதாக ஏற்றிவிட்டு, சத்தத்தைக் காரின் குமிழில் கூட்டிக் குறையுங்கள். போன் பாதியில் இருந்து கார் முழுதாக இருந்தால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். போனின் ஹெட்போன் துளையில் செருகும் ஆக்ஸ் வயர் என்றால் மட்டும் போனை முழுதாக ஏற்றாமல் ஒன்றிரண்டு படி குறைத்து வையுங்கள், சில போன்கள் உச்சியில் கரகரக்கும். பாட்டுச் செயலியின் செட்டிங்கிலும் நுழைந்து பாருங்கள். டேட்டா மிச்சம் பிடிக்க 'குறைந்த தரம்' என்று யாரோ வைத்திருப்பார்கள். அநேகமாக நீங்களேதான்.

பேஸ் எவ்வளவு, ட்ரெபிள் எவ்வளவு வைக்கணும்?

நம்பர் கேட்காதீர்கள், என் கார் வேறு உங்கள் கார் வேறு. ஒரு வழக்கம் மட்டும் சொல்கிறேன்: கூட்டுவதைவிடக் குறையுங்கள். குரல் மூடிக் கேட்டால் ட்ரெபிளை ஏற்றும் முன் பேஸை இரண்டு படி இறக்கிப் பாருங்கள். குரல் தானாக வெளியே வரும்.

காரணம் இது. சத்தத்தின் அளவான டெசிபெல்லில் 3 கூட்டினால் ஆம்பிடம் இரண்டு மடங்கு சக்தி கேட்கிறீர்கள். 6 டெசிபெல் என்றால் நான்கு மடங்கு. காரோடு வந்த பிளேயரிடம் அவ்வளவு சரக்கு இல்லை. பேஸை ஏற்றி வைத்துக்கொண்டு வால்யூமையும் ஏற்றினால் அது திணறும். 'லவுட்னஸ்' என்ற பொத்தான் சின்னச் சத்தத்துக்கு மட்டும் சரி. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குக் கீழ்ச்சுரங்கள் முதலில் மறைந்துவிடும், அதை ஈடுகட்டத்தான் அந்தப் பொத்தான். சத்தமாகக் கேட்கும்போது அணைத்துவிடுங்கள்.

வால்யூம் எதுவரைக்கும் ஏத்தலாம்?

குரலில் 'ச', 'ஸ' எழுத்துகள் கிழியத் தொடங்கும் இடத்துக்கு இரண்டு படி கீழே. காரோடு வந்த பிளேயர்களில் இது பெரும்பாலும் முக்கால் பங்கில் வரும். அதற்கு மேல் ஆம்ப் அலையின் உச்சியை மழுங்க வெட்டிவிடும். அப்படியே நீண்ட நேரம் ஓட்டினால் மேல்சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கரான டிவீட்டரின் சுருள்தான் முதலில் சூடாகிக் கருகும். 'சின்ன ஆம்ப் ஸ்பீக்கரைக் கெடுக்காது' என்பது தப்பு, திணறும் சின்ன ஆம்ப் கெடுக்கும்.

பெட்டியில 50 வாட் x 4ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே. அப்போ மொத்தம் 200 வாட் இல்லையா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. ஒரு கால்குலேட்டரை எடுங்கள். எஞ்சின் ஓடும்போது காரில் ஏறக்குறைய 14.4 வோல்ட் இருக்கும். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 51.8. வந்துவிட்டதா உங்கள் 50 வாட்? ஆனால் அது அலை முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமாக, ஒரே இரைச்சலாக வரும்போது கிடைக்கும் கணக்கு. ஒழுங்கான அலைக்கு அதில் பாதி, 26 வாட்டுக்குள். உள்ளே வீணாவதைக் கழித்தால் கேட்கத் தகுந்த சத்தம் ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் பக்கம்தான் நிற்கும்.

அட்டையில் 'ஆர்எம்எஸ்' (தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி) என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். 'மேக்ஸ்', 'பீக்' எல்லாம் பசார் மாலாம் இரவுச் சந்தையில் கடை முதலாளி தவுக்கே சொல்லும் முதல் விலை மாதிரி.

புது ஸ்பீக்கர் போட்டேன். இருந்த பேஸும் போயிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றியிருக்கத் தேவையில்லை, அவசரப்பட்டிருப்பார்கள். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு பிளஸ், மைனஸ் மாறிப்போனால் ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். கீழ்ச்சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். பாடகர் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி எங்கோ மிதப்பார். சோதிப்பது சுலபம். பேலன்சை முழுக்க வலது பக்கம் திருப்பிக் கேளுங்கள், பிறகு நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நடுவுக்கு வந்ததும் பேஸ் குறைந்தால் வயர் மாறியிருக்கிறது. எனக்கே இது நடந்தது. நான் வேலை பார்க்காத வேறொரு கடையில் முன் ஸ்பீக்கர் மாற்றினேன், மூன்று மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். கடைக்காரனாக இருந்தவன், வெளியே சொல்லவும் வெட்கம்.

எந்தக் கம்பி எது என்று தெரியாவிட்டால் ஸ்பீக்கரைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். கூம்பு தள்ளுவது விரலில் தெரியும், பிளப்பென்று ஒரு சின்னச் சத்தமும் வரும்.

வயர் சரி, இன்னும் பேஸ் இல்லை என்றால் கதவைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கதவுக்கும் சவுண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இதைத்தான் நான் யாரிடமும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை, அதற்குள் சாப்பாடு வந்துவிடும். வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது. காரில் அந்தப் பெட்டி வேலையைக் கதவு செய்கிறது. ஸ்பீக்கர் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் எதிரெதிர். இரண்டும் சந்தித்தால் கீழ்ச்சுரங்கள் கழிந்துபோகும். உங்கள் கதவு அட்டையைக் கழற்றிப் பாருங்கள். உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள், அதன் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். பின்பக்கக் காற்று அந்த ஓட்டை வழியாக வந்து முன்பக்கக் காற்றை அழிக்கிறது. பேஸ் எங்கே போயிற்று என்றால் அந்த ஓட்டையில் போயிற்று.

இன்னொன்று, தகடு. வெளிக்கதவை விரல் முட்டியால் தட்டுங்கள். பிஸ்கட் டின் மாதிரி டங்கென்று கேட்டால் பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் கதவும் கூடவே பாடும். அதற்குத்தான் பியூட்டில் ஷீட், ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறு பக்கம் கருப்புப் பசை, 2 மில்லிமீட்டர் தடிமன். வெளித்தகடு முழுக்க ஒட்ட வேண்டியதில்லை. தகட்டின் பெரிய சமமான பகுதிகளின் நடுவில், கால் பங்கு மூடினாலே அதிர்வு அடங்கும். ஒட்டும் முன் தகட்டை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, சின்ன ரோலரால் அலுமினியத்தின் முத்திரைக் கோடுகள் மறையும்வரை அழுத்துங்கள். பிறகு உள்தகட்டின் ஓட்டைகளை மூடுங்கள். இப்போது தட்டினால் தொம்மென்று மரப்பலகை சத்தம். என் மைவி காரில் இதைச் செய்தபோது பழைய ஸ்பீக்கரே மாட்டியிருந்தது. என் மனைவி ஏறி உட்கார்ந்ததும் 'புதுசு வாங்கிட்டீங்களா, எவ்வளவு வெள்ளி?' என்று சண்டைக்கு வந்தாள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மூடாதீர்கள். நம் ஊர் மழைக்கு ஒரு மாதத்தில் கதவுக்குள் குளம் கட்டித் துருப்பிடிக்கும். ஓட்டைகளை அடைக்கும் முன் கண்ணாடியை இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். தார் ஷீட் மலிவு என்று வாங்காதீர்கள், மதிய வெயிலில் நின்ற காரில் அது உருகி வடிந்து நாறும். சில கார்களில் பக்க ஏர்பேக்கின் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். அப்படியென்றால் இந்த வேலையில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

கோஆக்சியலா, காம்போனென்ட்டா?

டிவீட்டர் நடுவிலேயே ஒட்டியிருப்பது கோஆக்சியல், தனியாக டாஷ்போர்டு பக்கம் வைப்பது காம்போனென்ட். முன்பக்கம் காம்போனென்ட் நல்லது. கதவு ஸ்பீக்கர் உங்கள் கெண்டைக்காலுக்குத்தான் பாடுகிறது, டிவீட்டர் மேலே வந்தால் பாடகரும் மேலே வருவார். காசு போதவில்லையா, கோஆக்சியல் போட்டு மீதிக் காசைக் கதவுக்குச் செலவழியுங்கள். ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள், ஓரத்தில் ஃபோம் வளையம் இருப்பதைவிட ரப்பர் வளையம் நம் வெயிலுக்குத் தாங்கும்.

பின்னாடி ஸ்பீக்கருக்கும் செலவு பண்ணணுமா?

நீங்கள் முன்னால்தானே உட்காருகிறீர்கள்? கச்சேரியில் மேடைக்கு முதுகு காட்டி யாரும் உட்காருவதில்லை. ஃபேடரை முன்பக்கம் இரண்டு மூன்று படி தள்ளி, பின்னால் லேசாகக் கேட்டால் போதும். பாட்டிமார் பின்சீட்டில் வருகிறார்கள் என்றால் அன்றைக்கு நடுவில் வையுங்கள்.

பாட்டெல்லாம் வலது பக்கத்துல இருந்தே வருது. பேலன்ஸ் நடுவுலதான் இருக்கு. ஏன்?

நம் நாட்டில் ஸ்டீயரிங் வலது பக்கம். வலது ஸ்பீக்கர் உங்கள் முழங்கால் பக்கத்தில், இடது ஸ்பீக்கர் பயணி இருக்கைக்கு அந்தப் பக்கம். தூர வித்தியாசம் 60 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். ஆக வலது பக்கச் சத்தம் 1.7 மில்லிநொடி முந்தி வந்துவிடுகிறது. கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும், ஆனால் எது முதலில் வருகிறதோ அங்கேதான் பாடகர் நிற்கிறார் என்று நம் மூளை முடிவு கட்டிவிடும்.

பிளேயரிலோ, ஒலியைத் திருத்தும் டிஎஸ்பி கருவியிலோ 'டைம் அலைன்மென்ட்' இருந்தால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உங்கள் காதுக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து போடுங்கள். பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரை அது தாமதப்படுத்தும். சரியாக அமைந்தால் குரல் டாஷ்போர்டின் மேல், கண்ணாடிக்கு நேராக வந்து நிற்கும். முதல் தடவை கேட்கும்போது மயிர் கூச்செறியும். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு மட்டும் கொஞ்சம் மோசமாகும், அதைச் சொல்லாமல் விடலாம். டைம் அலைன்மென்ட் இல்லையென்றால் பேலன்சை இடது பக்கம் ஒரு படி தள்ளுங்கள். முழுத் தீர்வில்லை, ஆனாலும் இலவசம்.

பெரிய வூஃபர் ஒண்ணு பின்னாடி பூட்ல (டிக்கியில) போட்டா எல்லாம் சரியாயிடும்ல, மச்சான்?

ஆகாது. கதவு ஸ்பீக்கர் சரியில்லாத காரில் சப்வூஃபர் வைத்தால் கீழே இடி, மேலே குரல், நடுவில் ஒன்றுமில்லை. பக்கத்துக் காரில் இருப்பவருக்குத்தான் பாட்டு. கதவு வேலை முடிந்த பிறகு வாருங்கள், பேசலாம்.

அப்போதும் 12 அங்குலம் தேவையில்லை. மைவி, ஆக்சியா மாதிரிச் சின்ன காருக்குள் மிகக் கீழான சுரங்களைக் காரே தூக்கிக் கொடுக்கும். சீட்டுக்கு அடியில் போகும் ஆம்ப் சேர்ந்த 8 அங்குலப் பெட்டி மெல்லிசைக்கும் பழைய பாட்டுக்கும் தாராளம். உருமி மேளப் பைத்தியம் என்றால் பூட்டில் 10 அங்குலம் வையுங்கள், அதுவும் மூடிய பெட்டியாக. துளை வைத்த பெட்டி அதிகம் முழங்கும், ஆனால் மூடிய பெட்டியில் அடி சட்டென்று நிற்கும். உருமியின் அந்தத் தேய்ப்புச் சத்தமும் தவில் சத்தமும் வேறு வேறாகக் கேட்க வேண்டுமானால் அடி நின்றாக வேண்டும்.

சப் போட்டாச்சு. ஆனா எல்லாப் பாட்டுக்கும் ஒரே பம் பம். மேளம் தனியா கேக்கல.

மூன்று குமிழ்களைத் திருப்புங்கள். சப்புக்கு லோபாஸ் (அந்த எண்ணுக்குக் கீழே உள்ளதை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ். அது 120க்கு மேல் இருந்தால் ஆண் குரலின் அடிப்பகுதியும் பூட்டுக்குப் போய்விடும். கதவு ஸ்பீக்கருக்கு ஹைபாஸ் (மேலே உள்ளதை மட்டும் விடுவது), அதுவும் 80. இதைப் பலர் செய்வதில்லை, செய்தால் கதவு ஸ்பீக்கர் மூச்சு விடும். அப்புறம் ஃபேஸ் பொத்தான்: ஓட்டுநர் இருக்கையில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு வேறொருவரை 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள். எதில் அடி நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி.

கெய்ன் குமிழை வால்யூம் என்று நினைத்துத் திருகாதீர்கள். அது பிளேயரின் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் இடம். பிளேயரை முக்கால் வால்யூமில் வைத்துக் கெய்னைக் கூட்டுங்கள், கரகரத்ததும் கொஞ்சம் இறக்கி விட்டுவிடுங்கள். நன்றாக அமைந்த சப் இருப்பதே தெரியாது, அணைத்தால்தான் தெரியும்.

பம் பம்மோடு ஒரு கிறுகிறு சத்தமும் வருகிறதா? ஆம்பைத் திட்டாதீர்கள். பின்னால் போய் நம்பர் பிளேட்டை விரலால் அழுத்துங்கள், நின்றுவிடும். பின்னால் ஃபோம் டேப் ஒட்டினால் தீர்ந்தது.

எஞ்சினை ஏத்த ஏத்த 'ஙீ'ன்னு ஒரு சத்தம் கூடவே ஏறுது.

எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் சத்தம். முதலில் போன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஆக்ஸில் பாட்டும் சார்ஜரில் மின்சாரமும் ஒரே நேரத்தில் ஓடினால் இது வரும். நின்றுவிட்டால் நல்ல சார்ஜர் வாங்குங்கள், இல்லாவிட்டால் இந்த இரைச்சலைத் தடுக்க ஆக்ஸ் வயரில் மாட்டும் கிரவுண்டு லூப் ஐசோலேட்டர் வாங்குங்கள்.

ஆம்ப் இருந்தால் அதன் எர்த் வயரைப் பாருங்கள். அண்மையில் ஒரு பெசா காரில் பார்த்தேன், போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினால் வளையத்துக்கு அடியில் பெயின்ட் அப்படியே பளபளக்கிறது. மணல்தாளால் தகடு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து மறுபடி இறுக்கினோம், சத்தம் போயிற்று. அடுத்ததாக, பவர் வயர் காரின் ஒரு பக்கமும், பாட்டுச் சிக்னல் போகும் ஆர்சிஏ வயர் மறு பக்கமும் போக வேண்டும். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டுவது பார்வைக்கு அழகு, அவ்வளவுதான்.

வயர்தானே, எதுவா இருந்தா என்ன?

சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறமாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். ஒரே தடிமனில் செம்பைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் மின்சாரம் கடத்தும். ஜாலான் பசார் கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சுருளாகத் தொங்கும், கேட்டு வாங்குங்கள்.

இதைவிட முக்கியம் ஃபியூஸ். பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகும் வயரில், பேட்டரிக்கு 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தாக வேண்டும். ஃபியூஸ் ஆம்புக்கு அல்ல, வயருக்கு. வயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் கார் எரியாமல் காப்பது அதுதான். ஃபியூஸ் இல்லாமல் இழுத்துக் கொடுக்கும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பெரிய ஸ்கிரீன் ஆண்ட்ராய்டு பிளேயர் போட்டா சவுண்டு கூடுமா, அண்ணே?

ஸ்கிரீன் கூடும். உள்ளே இருக்கும் ஆம்பின் கணக்கு மேலே 50 வாட் கேள்வியில் சொன்ன அதே கணக்குத்தான். மலிவானவற்றில் காரோடு வந்த பிளேயரைவிட இரைச்சல் கூடுதலாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். பாட்டை நிறுத்தி, வால்யூமை முழுக்க ஏற்றி, கடையிலேயே காதை ஸ்பீக்கரில் வைத்துக் கேளுங்கள். உஸ்ஸென்று பெரிதாக இரைந்தால் வேண்டாம். டிஎஸ்பி, டைம் அலைன்மென்ட், ஆர்சிஏ வெளியீடு மூன்றும் உண்மையாக இருக்கும் பிளேயர் என்றால் வாங்குவதில் அர்த்தம் உண்டு.

புதுக் காடி. வயர்ல கை வச்சா வாரண்டி போயிடுமா?

வயரை வெட்டினால் மின்சாரப் பக்கம் எது கெட்டாலும் 'நீங்கள் வெட்டியதால்தான்' என்பார்கள். வெட்டாமல், உங்கள் மாடலுக்கே உரிய சாக்கெட் வைத்த ஹார்னஸ் என்ற வயர்க் கட்டு கிடைக்கிறது. ஒரு பக்கம் காரில், மறு பக்கம் ஆம்பில் செருகினால் முடிந்தது. வேண்டாம் என்றால் பிடுங்கிவிடலாம். எதற்கும் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசல்ல நல்லா இருக்கு. ஹைவேல போனா பேஸ் காணோம்.

பேஸ் எங்கும் போகவில்லை. டயர் சத்தம் கீழ்ச்சுரங்களில்தான் அதிகம், அது உங்கள் பேஸை மூடிவிடுகிறது. ஹைவேயின் கான்கிரீட் பகுதியில் ஏறும்போதும் இறங்கும்போதும் காதைக் கொடுத்துக் கேளுங்கள், வித்தியாசம் தெரியும். டயர் காற்றைச் சரியாக வைத்து, தேய்ந்த டயரை மாற்றினாலே கணிசமாக அடங்கும். அடுத்து சக்கர வளைவுகளுக்கு மேலும் தரையிலும் பியூட்டில் ஷீட், அதன் மேல் ஃபோம். சாயங்கால மழையில் கூரை தகரக் கொட்டகை மாதிரி இரைந்தால் கூரைத் துணிக்கு மேலேயும் அதே வேலை.

ஹைவேக்கென்று தனி ஈக்யூ (பேஸ், ட்ரெபிள்) செட்டிங் ஒன்று சேமித்து வைத்திருக்கிறேன், பேஸ் இரண்டு படி கூடுதலாக. டோலில் நிற்கும்போது மாற்றிக்கொள்வேன்.

ரேடியோ கொரகொரங்குது. ராகாவே சரியா எடுக்கல.

கிள்ளான் பள்ளத்தாக்கில் 99.3இல் ராகா வானொலி திணறுகிறது என்றால் பிரச்சினை அநேகமாக உங்கள் காரில்தான். ஏரியல் கம்பி தளர்ந்திருக்கும். கம்பி சரியென்றால் டேஷ்கேமைப் பிடுங்கிப் பாருங்கள். மலிவான டேஷ்கேமும் அதன் சார்ஜரும் எஃப்எம்மில் இரைச்சல் போடும். புதிதாக மாட்டிய எல்இடி விளக்கும் அப்படித்தான். காராக் மலையில் ஏறும்போது விட்டு விட்டு வருவதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. எஃப்எம்மில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது என்பதால், ரேடியோவை வைத்து ஸ்பீக்கரைச் சோதிக்காதீர்கள்.

பழைய பாட்டு போட்டா நடுவுல மட்டும் கேக்குது, ரெண்டு பக்கமும் விரியல. ஏதாவது ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. எழுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த தமிழ்ப் பாட்டுகளில் பெரும்பாலானவை மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்தான் வரும், அது நடுவில்தான் நிற்க வேண்டும். மோனோ பாட்டு துல்லியமாக நடுவில் நின்றால் உங்கள் டைம் அலைன்மென்ட் சரி என்று அர்த்தம். சோதிக்க இதைவிட நல்ல பாட்டு கிடையாது. 'ஸ்டீரியோ', '8டி' என்று மாற்றி விடுபவற்றைக் கேட்காதீர்கள், பாடகரைப் பிடித்து ராட்டினத்தில் ஏற்றிய மாதிரி இருக்கும்.

தைப்பூசத்தில் போனில் பிடித்த உருமி மேள வீடியோவைக் காரில் போட்டு 'சவுண்டு கிழியுது' என்பவர்களும் உண்டு. பிடிக்கும்போதே போனின் மைக் கிழிந்துவிட்டது. அதற்கு மருந்தில்லை.

தினமும் ரெண்டு மணி நேரம் ஜாம். சத்தமா கேட்டா காது போயிடுமா?

போகும். வேலையிட ஒலிக்கு அமெரிக்காவின் நியோஷ் என்ற ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்குப்படி 85 டெசிபெல்லில் நாளுக்கு 8 மணி நேரம்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும்: 94இல் ஒரு மணி நேரம், 100இல் 15 நிமிடம். போனில் டெசிபெல் அளக்கும் செயலி தோராயமாகக் காட்டும், ஒரு தடவை பார்த்துவிடுங்கள். காரிலிருந்து இறங்கியதும் காதில் ரீங்காரம் கேட்டால் அளக்கவே வேண்டாம், அன்றைக்கு அதிகம். கதவையும் டயரையும் சரிசெய்தவர்கள் தானாகவே வால்யூமைக் குறைத்துவிடுகிறார்கள் என்பது நான் பார்த்தது.

அப்பாவோட பழைய சாகா காடி. கேசட் பிளேயர்தான் இருக்கு, மாத்தக் கூடாதுங்கிறார். ஏதாவது வழி இருக்கா?

இருக்கிறது, மாற்ற வேண்டாம். சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரை விடுங்கள், ரேடியோவுக்கு மேலே சொன்ன குறையெல்லாம் அதற்கும் உண்டு, பக்கத்து ஸ்டேஷன் வேறு உள்ளே நுழையும். கேசட் வடிவ அடாப்டர் அதைவிட நல்லது. கேசட் போல உள்ளே போகும், வயர் போனுக்கு வரும். அதற்கு முன் பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைப் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். குச்சி காப்பி நிறத்தில் வரும், வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். மூடிக் கிடந்த குரல் திறந்துகொள்ளும்.

பின்பக்க ஸ்பீக்கரின் வளையம் உதிர்ந்திருந்தால் அதே அளவில் ரப்பர் வளைய ஸ்பீக்கர் இரண்டு வாங்கி, பழைய வலை மூடியையே மேலே மாட்டிவிடுங்கள். வெளியே எதுவும் மாறியதாகத் தெரியக் கூடாது. பிளேயருக்குள் ஒரு கேசட் மாட்டிக்கொண்டிருந்தால் நாடா சிக்காமல் பென்சிலால் சுற்றி எடுத்து அவரிடமே கொடுங்கள். ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருப்பார்.